தூண்டுதல்

மங்கும் விளக்கின் திரியை மேலேற்றுவதையே நம் பாட்டியார் ‘தூண்டுதல்’ என்பார். இன்றோ அச்சொல் கூட்டத்தைக் கிளப்புவோர்மீது சுமத்தும் பழியாகிவிட்டது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். விடுதி உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். சிலர் இறந்தனர் என்னும் வதந்தியும் பரவியிருந்தது. “எவரோ தூண்டிவிட்டார்கள்” என்று நாமும் எளிதாகச் சொன்னோம்.

அம்மாத இறுதியில், விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. வதந்தி பொய், வயிற்றுவலி மெய்.

எண்ணெயும் நெருப்பும் இல்லாத அகலில் தூண்டுகோல் என்ன செய்யும்? கோலைத் தேடிய நாம் விளக்கைப் பார்க்கவில்லை. அன்று உதிர்த்த சொல்லுக்காக இன்று நாணுகின்றோம்.