எந்தப் படம் பார்க்கலாம்?

முதலியார்பேட்டையில் எங்கள் அன்பியக் கூட்டம் செபத்தோடு தொடங்கிச் செபத்தோடு முடியும். முடிந்த பின்னும் யாரும் உடனே எழுந்து போவதில்லை. தேநீர் வரும், அதனோடு ஒரு கேள்வியும் வரும். "பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நல்ல படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்." கேட்பவர் பெரும்பாலும் ஒரு தாயாக இருப்பார். நாங்களும் ஆளுக்கொரு பெயரைச் சொல்வோம். ஒருவர் புகழ்ந்ததை மற்றவர் மறுப்பார். எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்லும் தகுதி எங்களுக்கு உண்டா என்று ஒரு ஞாயிறு மாலை எங்களை எண்ண வைத்துவிட்டது.

எங்கள் இளமையில் இக்கேள்வி வேறு வடிவில் இருந்தது. "இந்தப் படத்தைப் பார்க்கலாமா, கூடாதா?" என்பதே அன்றைய பெற்றோரின் கவலை. தவக்காலம் பிறந்தால் இறைச்சியோடு திரைப்படமும் வீட்டை விட்டு விலகும். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் இரண்டும் திரும்பி வரும். திரைப்படம் என்றாலே அஞ்சத்தக்க ஒன்று என்னும் எண்ணம் எங்களிடம் நெடுநாள் இருந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் திரைப்படத்தின் தொடக்கத்தைத் தேடிச் சென்றால் அங்கே நிற்பவர் ஒரு கிறிஸ்தவர். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் தூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம். கூடாரம் அடித்து ஊர் ஊராக அவர் அதைக் காட்டிச் சென்றார். எழுதப் படிக்க அறியாத எத்தனையோ பேர் ஆண்டவரின் பாடுகளை அந்த வெண்திரையில்தான் முதலில் கண்டிருப்பர். பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கையும் அவர் கட்டினார்.

திருச்சபையும் திரைப்படத்தைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்தே வந்திருக்கிறது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936 ஜூன் 29 அன்று திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உழைத்துக் களைத்த மக்களுக்கு ஓய்வும் பொழுதுபோக்கும் தேவை என்பதை ஏற்ற அவர், அப்பொழுதுபோக்கு அவர்களைத் தாழ்த்திவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். நல்ல படங்களை மக்களுக்கு எடுத்துச் சொல்ல நாடுதோறும் ஓர் அலுவலகம் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அச்சுற்றுமடல் வெளிவந்து ஒரு மாதம் கழித்து, 1936 ஜூலை 30 அன்று, எங்கள் புதுச்சேரியில் துப்பாக்கிகள் வெடித்தன. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் உயிர் நீத்தனர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று. இந்த இரு நாள்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறோம். பொழுதுபோக்கு தூய்மையாக இருக்க வேண்டும் என்று உரோமையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பொழுதென்று ஒன்று வேண்டும் என்று புதுச்சேரியில் மற்றொரு குரல் எழுந்தது. தொழிலாளி எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று அவனுக்குச் சொல்லும் முன், அவன் வாழ்வை நாம் பார்த்திருக்கிறோமா?

முதலியார்பேட்டை ஆலைகளால் வளர்ந்த ஊர். முதியவர்கள் இன்றும் ரோடியர் ஆலை என்று குறிப்பிடும் ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தோன்றியது. அதுவும் சுதேசி, பாரதி ஆலைகளும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு உண்ட ஊர் இன்று வேறு ஓசைகளோடு விடிகிறது.

இனி அந்த ஞாயிறு மாலைக்கு வருவோம். திரைப்படம் தோன்றி நூறாண்டு நிறைவெய்தியதையொட்டி 1995-இல் வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியலாக வெளியிட்டது. சமயம், வாழ்வின் விழுமியங்கள், கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்குப் பதினைந்து படங்கள். அப்பட்டியலிலிருந்து ஒரு படத்தை எங்கள் இளைஞர்களுக்குக் காட்ட விரும்பினோம். இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ தெ சிகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' எங்கள் தேர்வு. ஓர் உறுப்பினர் வீட்டு மாடிச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினோம். இளைஞர்களோடு பெரியவர்கள் சிலரும் வந்து அமர்ந்தனர்.

கதை சிறியது. போருக்குப் பிந்திய உரோமை நகரில் ஓர் ஏழைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்டுத் தருகிறாள். வேலையின் முதல் நாளே அது திருடு போகிறது. தந்தையும் சிறுவனான மகனும் நகரெங்கும் தேடுகிறார்கள். இறுதியில் மனம் உடைந்த தந்தை வேறொருவரின் சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறார்.

படம் முடிந்ததும் நாங்கள் எழுந்து பேசினோம். வறுமை வந்தாலும் நேர்மை தவறலாகாது; பெற்றோரின் பிழை பிள்ளைகளின் உள்ளத்தைச் சிதைக்கும்; கட்டளைகளில் ஏழாவது எது? இப்படியெல்லாம் கேட்டோம், விளக்கினோம். இளைஞர்கள் அமைதியாகத் தலையசைத்தனர்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து வேலை இழந்தவர். "தம்பிகளா, கடைசியில அவன் திருடுனதைப் பத்தி நல்லாப் பேசுனீங்க. நடுவுல ஒரு கோவில் வருதே, அதைப் பத்தி யாரும் பேசலையே" என்றார்.

ஆம், வருகிறது. சைக்கிளைப் பற்றித் துப்பு அறிந்த ஒரு கிழவனைத் தேடி அவ்வேழை ஒரு கோவிலுக்குள் நுழைகிறார். அங்கே வசதி படைத்தவர்கள் ஏழைகளுக்கு முகம் மழித்து, செபம் சொல்லவைத்து, சூப்பு வழங்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் வாழ்வே கைநழுவித் தவிக்கும் ஒருவர் அவர்கள் நடுவில் வந்து நிற்கும்போது, அவர் என்ன தேடுகிறார் என்று கேட்பாரில்லை. ஓசை எழுப்பாதே என்று அடக்கவே முனைகிறார்கள்.

"அந்தக் கோவில்ல நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் அமர்ந்தார்.

எங்களிடம் விடை இல்லை. அவர் வேலை இழந்த ஆண்டில் கிறிஸ்துமஸ் நாளன்று அவர் வீட்டுக்கு அரிசிப் பை கொண்டு சென்றது நாங்கள்தான். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டதும் நாங்கள்தான். கூட்டங்களுக்கு ஏன் வருவதில்லை என்று அவரைக் கடிந்ததும் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து கேட்டதில்லை.

அடுத்த வாரம் வெறுங்கையோடு சென்றோம். இரண்டு மணி நேரம் இருந்தோம். வேலை போன பின், வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டதாக வீட்டில் சொல்லி, பல மாதங்கள் காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு புறப்பட்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பினாராம். "பையனுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாளும் கேக்கல" என்றார். அப்படத்தின் இறுதியில் அடி வாங்கி அழுதுகொண்டு நடக்கும் தந்தையின் கைக்குள் சிறுவன் தன் கையை வைப்பது எங்கள் நினைவில் எழுந்தது. நாங்கள் பாடம் சொன்ன காட்சியில் அவர் தம் மகனைக் கண்டிருந்தார்.

தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னார். கேட்ட அரசர் கதையில் வந்த செல்வன் மேல் சினங்கொண்டு தீர்ப்பும் கூறினார். அந்தச் செல்வன் தாமே என்று அறிந்த பிறகுதான் அவர் மனம் திரும்பினார். நாங்களும் அன்று பிறருக்காகப் படம் தேர்ந்தோம்; பிறருக்காகத் தீர்ப்பும் சொன்னோம். கோவிலைக் கூசவைக்கும் அக்காட்சியோடுதான் வத்திக்கான் அப்படத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் பொருள் எங்களுக்கு அன்று விளங்கியது.

அதன்பின் பிறர்க்குப் படம் பரிந்துரைக்கும் முன் எங்களையே ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: இப்படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? அவ்வாறு எங்களைத் தொட்ட சில படங்களை வாசகர்க்கும் சொல்கிறோம்.

வின்சென்ட் தே பவுல் சபையில் பணியாற்றுவோர் 1947-இல் வெளிவந்த 'மொசியே வேன்சான்' என்னும் பிரெஞ்சுப் படத்தைக் காண வேண்டும். அச்சபையின் பாதுகாவலரான புனிதரின் வாழ்வே அது. ஏழைக்குக் கொடுப்பதைவிட ஏழையை மதிப்பது கடினம் என்று உணர்த்தும். லூயி மால் 1987-இல் எடுத்த 'ஒருவார் லே ஆன்ஃபான்' ஆசிரியர்களுக்கு உரியது. நாசியர் காலத்தில் யூதச் சிறுவர்களைத் தம் பள்ளியில் மறைத்துக் காத்த ஒரு குருவும் அங்குப் பயின்ற மாணவர்களும் அதில் வருகிறார்கள். ஒரு சிறுவனின் ஒரு கணப் பார்வை எத்தகைய இழப்புக்கு வழி திறக்கிறது என்பதை மறக்க இயலாது. இல்லத்தார் கூடி மகிழ 'பாபெத்தின் விருந்து' உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் அப்படத்தை நினைவுகூர்ந்துள்ளார்.

தமிழில் பாலு மகேந்திராவின் 'வீடு'. குருவி சேர்ப்பதுபோல் ஒரு பெண் வீடு கட்டும் கதை. ஒப்பந்தக்காரர் சிமெண்டைக் களவாடுவதை அவளுக்குச் சொல்பவர் ஒரு சித்தாள். வீடு கட்டிய நாங்கள், வேலைக்கு வந்த சித்தாள்களின் பெயரையாவது அறிந்திருந்தோமா? பிள்ளைகளோடு பார்க்க 2015-இல் வெளிவந்த 'காக்கா முட்டை'.

இன்று படங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு படங்களைத் தனித்தனியே பார்க்கிறார்கள். ஆகவே அத்தாய்மார்க்கு நாங்கள் சொல்வது: எந்தப் படமாயினும் சேர்ந்து பாருங்கள், பார்த்தபின் பேசுங்கள், பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள்.

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதைக்குப் பின் ஒரு படம் காட்டினோம். தேர்வு அப்பெரியவருடையது. 'மாடர்ன் டைம்ஸ்' வேண்டுமென்றார். அதுவும் வத்திக்கான் பட்டியலில் உள்ளதே. வெளிவந்த ஆண்டும் அதே 1936. இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சாப்ளின் தடுமாறியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். பெரியவரும் சிரித்தார். படம் முடிந்ததும் நாங்கள் எழவில்லை. அவர் எழுந்து, தறி ஓடும்போது கை எங்கே இருக்க வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.