செம்பியன் மாதேவியின் கற்றளிகள்

காவிரி வடகரையில் உள்ள திருக்கோடிக்காவல் கோயிற்சுவரில் பல்லவ அரசர் காலத்துக் கொடைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தோ அதற்குப் பிந்திய சோழர் கால எழுத்து. யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்ட போலிச் சாசனம் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. இது பழங்கல்லின் படி என்று அந்தக் கல்லே சொல்லிவிடுகிறது.

அந்தக் கோயிலைக் கல்லால் புதுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். மழவரையர் குலத்தில் பிறந்து, முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தரை மணந்தவர். 957 வாக்கில் கணவர் மறைந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, அரிஞ்சயன் முதல் ராஜராஜன் வரை நான்கு மன்னர்களின் ஆட்சியைப் பார்த்தார். திருநல்லம், விருத்தாசலம், திருத்துருத்தி என ஊர் ஊராகக் கற்றளி எழுப்பினார்.

திருப்பணி என்றால் இடிப்பதும் சேர்த்தியே. கோயிலுக்கு நுந்தாவிளக்கு எரிக்க ஒருவர் 90 ஆடோ 96 ஆடோ விட்டிருப்பார். ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். கிழடு போனாலும் குட்டியால் கணக்கு நேராக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குச் சாட்சி கல்வெட்டுதான். கல் போனால் விளக்கும் போச்சு. என்றைக்கோ செத்துப்போன யாரோ ஒருவரின் நெய்க்கணக்கைப் புதுச்சுவரில் மறுபடி வெட்ட வைத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிற்காலத் திருப்பணிகளில் எத்தனை கல்வெட்டுகள் தளக்கல்லாயின, எத்தனை சுண்ணாம்புக்குள் புதைந்தன!

திருநல்லம் இன்றைக்குக் கோனேரிராஜபுரம். அங்கே பெரிய நடராஜரைப் பார்க்க வருகிறவர்கள் கருவறையின் தென்சுவரில் ஒரு நிமிடம் நிற்கலாம். சிறிய புடைப்புச் சிற்பம்: கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுகிறார். அவர் பெயரால் மாதேவியார் இக்கற்றளியை எடுப்பித்த செய்தி கீழே இருக்கிறது. கட்டும் பணியை நடத்திய சாத்தன் குணபத்தனையும் கல் விட்டுவிடவில்லை. ‘ராஜகேசரி மூவேந்தவேளான்’ என்ற பட்டத்தோடு அவர் பெயர் நிற்கிறது.

மாதேவியாரின் மகன் உத்தம சோழனோடு அவர் வழியின் ஆட்சி முடிந்து, அரியணை சுந்தர சோழனின் கிளைக்குப் போனது. ஆனால் நாகைப் பக்கம் அவர் பெயரிலேயே அமைந்த செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில், 1019-இல், அவருக்குத் திருமேனி நிறுவி நிவந்தம் வைத்தது அந்தக் கிளையில் வந்த ராஜேந்திரனின் ஆட்சிதான்.