எந்தக் கடற்கரை?

2023 தை மாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, செல்போனை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், வீட்டில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வந்தது, ஏசி ஓடியது, விரிப்புகூடத் துவைத்த விரிப்பு. ஆனாலும் கேஸ் போடணும்.”

என் தொழிலில், நன்றாக இருந்த பொருளுக்காக வழக்குப் போட வந்த கட்சிக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அவருடைய அம்மாவுக்கு 82 வயது, முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனவர். நாலு நாள் சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். டீச்சர் புதுச்சேரியில் ஒரு அபார்ட்மெண்டை நான்கு இரவுக்கு 22,000 ரூபாய் கட்டி எடுத்தார். இணைய விளம்பரத்தில் “கடற்கரை 5 நிமிடம்” என்று இருந்தது. கூடவே மஞ்சள் சுவர், காகிதப்பூ, காந்தி சிலை என்று படங்கள். வரைபடத்தில் வீடு இருக்கும் இடமாக ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. பணம் கட்டிய பிறகுதான் முழு முகவரி வந்தது. முத்தியால்பேட்டை. அங்கிருந்து பீச் ரோட்டிலுள்ள காந்தி சிலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

அம்மா முதல் நாள் தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் நாள் ஆட்டோவில் போனார்கள். மூன்றாம் நாள், “நீங்க போயிட்டு வாங்க” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டீச்சரின் வழக்கு அந்த முதுகிலிருந்துதான் பிறந்தது.

புதுச்சேரி வீட்டுக்குத் திருச்சியில் வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். முடியும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஐந்து நிமிடம் என்றால் நடந்தா, வண்டியிலா? விளம்பரம் அதைச் சொல்லவில்லை. ‘ஊரிலேயே ருசியான காபி’ என்ற பலகையை நம்பி உள்ளே போனவர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வியாபாரப் பேச்சு வேறு, வாக்குறுதி வேறு.

டீச்சரின் போனை வாங்கி, பதிவுக்கு முந்தைய செய்திகளைத் தேடினேன். அகப்பட்டது. “அம்மாவுக்கு 82 வயது. பீச்சுக்கு நடந்தே போக முடியுமா?” என்று கேட்டிருந்தார். “தாராளமா போகலாம்மா” என்று வீட்டுக்காரர் பதில் போட்டிருந்தார். அந்த இரண்டு சொல்லில்தான் வழக்குக்கு உயிர் வந்தது.

நானே போய் அந்தத் தூரத்தை நடந்து பார்க்க ஆசை. ஆனால் வக்கீல் தன் வழக்கில் தானே சாட்சியாகக் கூடாது. அதனால் டீச்சரின் மகன் போய் நடந்து, நேரம் குறித்து, பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். செய்திகளின் நகலுக்கு, மின்னணுச் சாட்சியத்துக்கு அப்போது தேவைப்பட்ட 65பி சான்றிதழும் வைத்தோம்.

எதிர்த்தரப்பின் பதிலுரை வந்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். “விளம்பரம் உண்மையே. கடற்கரை என்று குறிப்பிட்டது சோலை நகர்க் கடற்கரையை.”

புதுச்சேரிக்குக் கிழக்கு முழுக்கக் கடல்தான். வெளியூர்க்காரருக்கு ‘பீச்’ என்றால் பீச் ரோடு: சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரைவரை வண்டிகள் நுழைய முடியாத சாலை, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற ஒயிட் டவுனின் ஓரம். வடக்கே சோலை நகருக்குப் போனால் அதே கடல் படகும் வலையுமாக மீனவர் கரை ஆகிறது. வீட்டுக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒன்று இடித்தது. எழுத்தில் ‘கடற்கரை’ என்று சோலை நகரைக் குறித்தவர், படத்தில் காந்தி சிலையை ஏன் காட்டினார்? எங்கள் வாதத்தை அந்த ஒற்றைப் படத்தின்மேல் நிறுத்தினேன்.

நுகர்வோர் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பியது. வீட்டுக்காரர் நேரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி. படங்களைப் போட்டது விளம்பரம் பார்த்துக்கொள்ளும் பையன் என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, “நான் நீச்சல் கத்துக்கிட்ட கரைம்மா அது. எங்க கடற்கரை கடற்கரை இல்லையா?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடம் இருந்தது. “கடற்கரைதாங்க. உங்க காலுக்கு அஞ்சு நிமிஷம். நான் எங்கம்மா காலுக்குத்தானே கேட்டேன்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாதி வாடகையைத் திருப்பித் தரவும், விளம்பரத்தில் எந்தக் கடற்கரை, எவ்வளவு தூரம் என்று எழுதவும், படத்தை எடுக்கவும் ஒப்புக்கொண்டார். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று பதில் போட்டிருந்த இணையதளத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்வி, சமரசத்தால் தீர்ப்பில்லாமலே நின்றுபோனது. வக்கீலாக எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

இப்போது விடுமுறை வீடு பற்றி யார் கேட்டாலும், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வருகிறவரின் காலைப் பாருங்கள் என்கிறேன். ஒயிட் டவுன் நடக்க இதமான இடம். ஆனால் பழைய வீடுகளின் மாடிப்படி செங்குத்து, லிஃப்டை எதிர்பார்க்க முடியாது. நேரு வீதிப் பக்கம் கடைகண்ணி கைக்கெட்டும், இரைச்சலும் கூடவே வரும். கோட்டக்குப்பத்து வீட்டைப் பாண்டிச்சேரி என்றே விளம்பரம் செய்வார்கள். இறங்கி நிற்பதோ தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். நிமிடக் கணக்கை நம்பாமல் தெருப்பெயரைக் கேளுங்கள். வாயால் கேட்டதை எழுத்திலும் கேட்டு, பதிலை அழிக்காமல் வையுங்கள்.

போன வருடம் டீச்சர் போன் செய்தார். அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறாராம். ‘ஏரிக்கரை அருகில்’ என்று ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதையாயிற்றே என்று நான் ஆரம்பித்தேன்.

“கேட்டுட்டேன் சார்,” என்றார். “எந்தக் கரை, வாசலிலிருந்து மேடா பள்ளமா, பெஞ்சு எத்தனை அடி, எல்லாம் எழுத்துல வாங்கிட்டேன். உங்களுக்கு வேலை வைக்க மாட்டேன்.”