கையொப்பம் இடாத கைகள்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் பரீட்சையிலும் உத்தியோகத்திலுமே சென்று முடியும். கைத்தொழிலில் மனம் வைக்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் கலங்குகின்றனர். நம் தமக்கையின் மகன் வடோதராவில் ஓர் அச்சுக்கூடத்தில் சேர்ந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. “கல்யாணப் பத்திரிகை அச்சிடவா இவனை இவ்வளவு தூரம் அனுப்பினோம்?” என்று அவன் தந்தையார் மனம் நொந்தார், உடனே திரும்பி வந்து உத்தியோகப் பரீட்சை எழுதுமாறு பணித்தார். நேரில் கண்டு உண்மையை எழுதும்படி தமக்கையார் நம்மைக் கேட்டுக்கொண்டார். அவ்வூர் ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நாம், வார ஓய்வு நாளொன்றில் அங்குச் சென்றோம்.

வடோதராவிற்குக் கலை புதிதன்று. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தோன்றியது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, பின் ஓவியரான கே. ஜி. சுப்பிரமணியன் அங்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். 2016-இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

நாம் கண்ட கூடம், ஓவியர்களுடன் கூடித் திரை அச்சுப் படங்களை உருவாக்குவது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைதான் திரை. முன்னாளில் பட்டுத் துணி; இன்று பாலியெஸ்டர். ஒளி பட்டால் இறுகும் பசையை அதன்மேல் பூசுகின்றனர். ஓவியர் கண்ணாடி போன்ற தாளில் கறுப்பு மையால் வரைந்து தருகிறார். அதனைத் திரைமீது வைத்து ஒளி பாய்ச்சினால், கறுப்பு மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாது. நீர் பட்டதும் கரைந்து வழிவிடுகிறது. பின் ரப்பர் விளிம்பு பொருத்திய மரப்பிடியால் மையை அழுத்தி இழுக்க, அவ்வழியே வண்ணம் தாளில் இறங்குகிறது.

ஒரு வண்ணத்திற்கு ஒரு திரை. அன்று மேசைமீதிருந்த படத்திற்குப் பதினெட்டு வண்ணங்கள், படிகள் ஐம்பது. ஆகவே தொள்ளாயிரம் முறை கை இழுத்தாக வேண்டும். ஒன்று மயிரிழை விலகினாலும் அந்தத் தாள் வீண்.

முதிய ஓவியர் ஒருவர் மாதிரிப் படியை நெடுநேரம் நோக்கி, நீலம் கனத்துவிட்டது என்றார். நம் மருமகன் மறுமொழி கூறாமல் மையைக் கலந்தான், மீண்டும் இழுத்தான். நான்காம் முறையே அவர் தலையசைத்தார். படிகள் முடிந்தபின் எண்ணிட்டுக் கையொப்பமிடுபவர் அவரே.

“உன் பெயர் எங்கே, தம்பி?” என்றோம்.

“பெயர் இல்லை, மாமா. ஆனால் நிறம் சரியில்லையென்றால் அவர் என்னைத்தான் கேட்பார்” என்றான்.

அம்மொழி நம்மைத் தைத்தது. நாம் எழுதும் கணக்கின் கீழும் மேலதிகாரியே ஒப்பமிடுகிறார். ஆயினும் கூட்டல் பிழைத்தால் அழைக்கப்படுபவர் நாமே. பிறர் பெயரால் நிற்கும் வேலையைப் பிழையின்றிச் செய்வதில் ஒரு மானம் உண்டு.

இதற்கு முன்மாதிரியும் உளது. லண்டனில் கெல்ப்ரா அச்சுக்கூடத்தை நிறுவிய கிறிஸ் பிரேட்டர் சுவரொட்டிகள் அச்சிட்டு வந்தவர். 1960-களில் பாவ்லோஸி, ரிச்சர்ட் ஹாமில்டன் போன்ற ஓவியர்கள் அவருடன் சேர்ந்து பணியாற்றினர். அவர்தம் படங்களின் வரலாற்றில் அந்த அச்சாளரின் பெயரும் நிலைத்துவிட்டது.

தமக்கையார்க்கு உள்ளதை உள்ளபடியே எழுதினோம்: ஊதியம் சிறிது, ஓய்வூதியம் இல்லை, மையைக் கரைக்கும் திரவத்தின் நெடி மூக்கை அரிக்கும், பையனோ தன் வேலையில் பொய் சொல்லாதவனாக வளர்ந்திருக்கிறான். இரண்டாண்டுக் காலமேனும் அவனை அங்கேயே விட்டுவைக்குமாறு வேண்டியிருக்கிறோம். அவன் தந்தையாரின் பதில் இன்னும் வரவில்லை.

பெற்றோர்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றே. பிள்ளை செய்யும் தொழிலை வேண்டாம் என்று சொல்லுமுன், அவன் அதனைச் செய்யும் இடத்திற்கு ஒருநாள் சென்று, அருகே நின்று பாருங்கள்.