கலங்கல்

சென்னைப் புறநகரான செம்பாக்கத்தின் ஏரிக்கரையில் தினமும் காலையில் நடப்பவன் நான். அந்தப் பழக்கத்தில், மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரிக்குப் போனபோதும் கண் முதலில் உபரிநீர் வழியும் கலங்கலைத் தேடியது. அங்கே கலங்கலே இல்லை.

எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையில் ஒரு பெரிய கிண்ணம். வாய் அகலம் சுமார் 1.8 கிலோமீட்டர். இது அணைந்த எரிமலையின் வாய் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1970-களில் இங்கே எடுத்த பாறையில் மாஸ்கலினைட் என்ற கண்ணாடி தென்பட்டது. பாறை பேரதிர்ச்சிக்கு ஆளானால் உண்டாவது அது. விண்கல் விழுந்து பறித்த பள்ளம் என்பது அப்போது உறுதிப்பட்டது.

மரங்களுக்கு நடுவே இறங்கினோம். கரையை நெருங்க நெருங்க அழுகிய முட்டை வாடை. பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. அதன் மஞ்சள் தடவிய மூலையைத் தண்ணீரில் நனைத்தேன். கண்ணெதிரே மஞ்சள் சிவந்தது. "ஆரத்தித் தண்ணி மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி. ஆரத்தியில் சுண்ணாம்பு செய்வதை இங்கே ஏரியின் காரமே செய்துவிட்டது.

மேலே கோமுகத்தில் விழும் ஊற்று நல்ல தண்ணீர்தான். மழைநீரும் அப்படியே. ஆனால் உள்ளே வந்த நீர் வழிந்தோட வழியில்லை. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. 2020 ஜூனில் நீர் வற்றி உப்பு ஏறியபோது, உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி ஏரியே இளஞ்சிவப்பானது. அந்த உப்பில்தான் அவற்றுக்கு வாழ்வு. அதே ஆண்டு லோணார், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

எங்கள் ஏரியின் கதை வேறு. இதை வெட்டியவர்கள் நீர் வரும் வழியோடு போகும் வழியையும் யோசித்தார்கள். இங்கே நிறைந்தது நன்மங்கலம், கீழ்க்கட்டளை ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குச் சேர வேண்டும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புக்கு நாங்கள் மேல்மடை. கழிவுநீர் கலந்து ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த ஏரியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவை கைகோத்துச் சீரமைத்தன. அவர்கள் மீட்டது எங்கள் ஏரியை மட்டுமல்ல, கீழே இருப்பவர்களின் தண்ணீரையும்தான்.

ஊர் திரும்பியபின் வந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கலங்கலில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கி, நுரை தேங்கி நின்றது. குனிந்து அதை இழுத்துப் போட்டேன். தண்ணீர் சளசளவென்று நன்மங்கலம் பக்கம் ஓடியது.