தோல் வெடிக்கும் பதம்

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு வழக்கு நடக்கும். வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்துக்கொண்டே போகிற வழக்கு. ஹாட் டாக்கை வெந்நீரில் போடுவதா, நெருப்பில் வாட்டுவதா, எண்ணெயில் பொரிப்பதா?

நான் இருப்பது நியூ ஜெர்சியின் எடிசனில். கரி அடுப்பு என் கட்சி. சிகாகோவிலிருந்து வரும் மச்சினன் வெந்நீர்க் கட்சி. பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எண்ணெய்ச் சட்டியைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டார். மூன்று பேரும் ஒரே வேலிப் பக்கம் நின்றால் போதும், பிள்ளைகள் பட்டாசை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

மச்சினன் வரும்போதே பெட்டியில் ஒரு ஜாடி பளீர்ப் பச்சை ரெலிஷும் ஒரு டப்பா செலரி உப்பும் வந்து இறங்கும். கசகசா தூவிய பன்னை ஆவியில் காட்டி மெத்தென்று எடுப்பான். வெந்நீரில் சூடேறிய சாசேஜை அதில் படுக்க வைப்பான். மஞ்சள் கடுகு சாஸ், அந்தப் பச்சை ரெலிஷ், பொடியாய் நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டு, ஊறிய வெள்ளரிக்காய் நீளக் கீற்று, காடியில் ஊறிய குட்டி மிளகாய், மேலே ஒரு சிட்டிகை செலரி உப்பு. இந்தக் கோலம் ஒரு புள்ளி மாறக்கூடாது. நான் கெட்சப் பாட்டிலைத் தொட்டால் அவன் முகம் சுருங்கிவிடும்.

"அத்தான், அதைக் கீழ வைங்க. பிள்ளைங்க கேட்டா ஊத்திக் குடுங்க. பெரியவங்களுக்கு அது ஆகாது."

"தக்காளியைத் துண்டா வெச்சா ஆகுமாம், அரைச்சு ஊத்தினா ஆகாதாம். என்ன மாப்பிள்ளே நியாயம்?"

"அரைச்சதுல சர்க்கரை இருக்கு அத்தான். கறியோட ருசியை அமுக்கிடும்."

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த இருவர் சாசேஜ் விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிகாகோவின் வியன்னா பீஃப் நிறுவனம். பூண்டும் புகையும் ஏறிய அந்தக் கறிக்குப் புளிப்பும் காரமும் துணை நிற்கும். இனிப்பு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பெரியவருடைய வாதத்தைக் கேட்க எடிசனிலிருந்து வடக்கே கிளிஃப்டன் வரை கார் ஓட்ட வேண்டும். அங்கே ரட்ஸ் ஹட் என்று 1928இலிருந்து நடக்கும் கடை. சாசேஜைக் கொதிக்கும் எண்ணெயில் அப்படியே இறக்கிவிடுவார்கள். தோல் நீளத்துக்கும் கிழிந்து, ஓரம் முறுகி வரும். கிழிந்து வருவதால் அதற்கு 'ரிப்பர்' என்றே பெயர். லேசாகப் பொரித்தால் ஒரு பெயர், நன்றாக முறுகினால் 'வெல்லர்', கருகக் கருகக் கேட்பவர்களுக்கு 'கிரிமேட்டர்'. நம் ஊர் ஓட்டலில் தோசையை முறுகல், நெய் ரோஸ்ட் என்று பதம் சொல்லிக் கேட்பது போலத்தான். கடையின் மஞ்சள் ரெலிஷோடு ஒரு கடி கடித்தேன். மொறுமொறுப்பு முதலில், சாறு பிறகு. "இப்ப சொல்லு தம்பி" என்பது போல் பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் அவர் கட்சிக்குப் பாதி போய்விட்டேன். ஆனால் வீட்டில் செய்ய நினைப்பவர்கள் சாசேஜின் ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் விட வேண்டும். இல்லாவிட்டால் கையும் முகமும் பொத்துப்போகும்.

இத்தனை சண்டையிலும் நாங்கள் மூவரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாக்கெட்டில் வருகிற சாசேஜ் தொழிற்சாலையிலேயே வெந்துவிட்டது. அதை நாம் சமைப்பதே இல்லை. சூடேற்றுகிறோம், தோலுக்குப் பதம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே தோல் என்ன தோல் என்று பார்க்காமல் அடுப்பை மூட்டினால் எந்தக் கட்சியும் தோற்கும். ஆட்டுக் குடலில் அடைத்தது என்றால் கடிக்கும்போது 'டப்'பென்று வெடிக்கும். அதற்கு மெல்லிய சூடு போதும். தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் தோல் பிளந்து, உப்பும் கொழுப்பும் தண்ணீரோடு போய்விடும்; கையில் சக்கைதான் மிஞ்சும். கடைகளில் அதிகம் கிடைக்கும் தோலில்லாத சாசேஜோ வேறு வகை. செல்லுலோஸ் உறையில் வேகவைத்து, உறையை உரித்துவிட்டுப் பாக்கெட் போடுகிறார்கள். வெடிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. முறுகலை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

என் மனைவி மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. அவளுக்கென்று வாங்கும் கோழி சாசேஜ் தோலில்லாதது. போன ஆண்டு என் கரி அடுப்பில் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். இரும்புக் கல், மதுரையிலிருந்து வந்தது. முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் சின்னக் குமிழிகள் எழும்போது தீயைத் தணித்து, சாசேஜை ஐந்தாறு நிமிடம் கிடக்கவிட்டாள். எடுத்துத் துடைத்து, கத்தியால் மேலாகச் சுற்றிச் சுற்றி ஒரு கீறல். கல்லில் அரைக் கரண்டி வெண்ணெய். சாசேஜ் விழுந்ததும் 'சொய்ங்'. தோசைக் கரண்டியால் கால் திருப்பு, ஒரு நிமிடம். இன்னொரு கால் திருப்பு, இன்னொரு நிமிடம். கீறல் வாய் திறந்து, ஓரங்கள் வேர்க்கடலைத் தோல் நிறத்துக்கு வந்தன. அதே வெண்ணெயில் பன்னின் உட்புறத்தையும் ஒரு தடவை ஒற்றி எடுத்தாள்.

மச்சினன் கடித்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அக்கா, இதுக்குக் கெட்சப் ஊத்தினாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரும்புக் கல் இந்தச் சாப்பாட்டுக்குப் புதிதல்ல. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நேதன் ஹேண்ட்வெர்க்கர் 1916இல் கடை போட்டபோது, பக்கத்தில் ஃபெல்ட்மன் கடையில் 10 சென்ட்டுக்கு விற்றதை 5 சென்ட்டுக்குக் கொடுத்தார். நேதன்ஸில் இன்றும் தட்டையான கல்லில் உருட்டித்தான் எடுக்கிறார்கள். வழக்கமாக அதே கடை வாசலில்தான் ஜூலை 4 சாப்பாட்டுப் போட்டியும். 2021இல் ஜோயி செஸ்ட்நட் 10 நிமிடத்தில் 76 ஹாட் டாக் தின்றார். அந்தப் போட்டியை ரசிக்க எனக்கு மனம் வருவதில்லை. பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்குகிறார்கள். பக்குவமாக வாட்டியவர் கையை யார் நினைப்பது?

பாக்கெட்டில் பெரும்பாலும் சாசேஜ் பத்து இருக்கும், பன் எட்டுதான் இருக்கும். மிஞ்சும் இரண்டை மறுநாள் காலை பொடியாக நறுக்கி, வெங்காயம் பச்சைமிளகாயோடு முட்டைப் பொடிமாஸில் சேர்ப்போம். அதில் மூன்று கட்சிக்கும் சண்டையே கிடையாது.

வழக்கில் என் தீர்ப்பு இது: குடல் தோல் என்றால் வெந்நீர், பிறகு கரியில் ஒரு வாட்டு, தோலில்லாதது என்றால் வெந்நீர், பிறகு தோசைக்கல். பொரித்தது வேண்டுமென்றால் கிளிஃப்டனுக்கே போய்விடுங்கள். தொழிற்சாலையிலேயே வெந்தது என்றாலும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு ஆவி பறக்கச் சூடாக்கியே கொடுங்கள். நான்கு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு வட்ட வட்டமாக நறுக்கித் தராதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காகக் கீறி, அதன் பிறகு சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள்.