அணைந்த பீடியும் அடங்காத அழற்சியும்

“வயசாச்சு, இளைக்கத்தானே செய்யும்” என்று சொல்லி மாடிப்படியின் பாதியில் நின்றுகொள்ளும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூப்பில் மூச்சின் அளவு சற்றுக் குறைவது உண்மைதான். ஆனால் நாலு எட்டு வைத்தாலே இரைப்பதும், மாதக்கணக்கில் சளியும் இருமலும் விடாமல் இருப்பதும் மூப்பின் வேலை அல்ல. புகையோடு பழகியவர்கள் என்றால் அது பெரும்பாலும் சிஓபிடி என்று மருத்துவர்கள் சீட்டில் எழுதுகிற நோயாக இருக்கும்.

புகை என்றால் பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல. புகையிலையைத் தொட்டே அறியாத என் பெரியம்மாவுக்கு இது வந்தது. ஜன்னல் இல்லாத அடுக்களையில் விறகையும் வறட்டியையும் ஊதுகுழலால் ஊதியே ஆயுளைக் கழித்தவர். ஆண்கள் இருமினால் பீடியைத் திட்டவாவது ஆள் இருந்தது. பெண்கள் இருமினால் அதுவும் இல்லை.

விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால், உள்ளே நடப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணுக்கள் காவல் இருக்கின்றன. புகைத்துகள் வந்ததும் அவை வேதிக்குரல் எழுப்புகின்றன. உடனே ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் வந்து குவிகின்றன. கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் ஆயுதங்களில் எலாஸ்டேஸ் என்கிற நொதியும் ஒன்று. அது கிருமி, சொந்தச் சுவர் என்று பார்க்காது. காற்றறைகள் விரிந்து சுருங்கக் காரணமான எலாஸ்டின் இழைகளையும் கரைத்துவிடும். சுவர் இடிந்து சின்ன அறைகள் பெரிய பைகளாகின்றன. இழுத்த காற்று வெளியேற வழியின்றித் தங்குகிறது.

இந்த நொதிக்குக் கடிவாளமும் உடலிலேயே உண்டு. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற அந்தப் புரதத்தைக் கல்லீரல் செய்து அனுப்புகிறது. 1963-இல் சுவீடனில் லாரலும் எரிக்சனும் இந்தப் புரதம் மிகக் குறைந்த ஐந்து பேரைக் கண்டார்கள். அவர்களில் மூவருக்கு நுரையீரல் சிதைந்திருந்தது. பிறவியில் அந்தக் குறை இல்லாதவர்களுக்கும் புகை இந்தப் புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. அதாவது, ஆத்திரத்தையும் கிளப்பிவிட்டு, கடிவாளத்தையும் அறுத்துவிடுகிறது.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே சொந்த வேலையும் கெட்டுப்போகிறது. இந்த நோயாளிகளின் மேக்ரோஃபேஜ்கள் பாக்டீரியாவைச் சரியாக விழுங்குவதில்லை. அதனால்தான் மற்றவருக்கு நாலு நாளில் போகிற சளிக்காய்ச்சல் இவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொன்று. புகையை நிறுத்தி ஆண்டுகள் பல கழிந்த பின்னும் மூச்சுக்குழாய்களில் அழற்சி தொடர்கிறது. நோய் முற்றியவர்களின் சிறு குழாய்ச் சுவர்களில் நிணநீர் அணுக்கள் கூடாரம் அடித்தே தங்கிவிடுகின்றன. வரப்புத் தகராறில் பிரிந்த பங்காளிகளை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். நிலம் விற்று, பிளாட் போட்டு, வரப்பே காணாமல் போன பிறகும் ஒரு வீட்டுச் சாவுக்கு மற்ற வீட்டார் போகவில்லை. காரணம் தீர்ந்தாலும் கோபம் தானாகத் தீராது. அதைக் கிளப்பாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அது முடியாமல் போனால், சீக்கிரம் நிறுத்துவது.

“இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. லண்டனில் வேலைபார்த்த ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஃப்ளெட்சரும் பீட்டோவும் 1977-இல் எழுதினார்கள்: விட்டவர்களுக்கு இழந்த திறன் திரும்பவில்லை, ஆனால் அதற்குப் பின் குறையும் வேகம், புகைக்காதவர்களின் வேகத்துக்கு இறங்கியது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்று இதற்கு அர்த்தம்.

ஸ்டீராய்டுக்கு ஆஸ்துமா அடங்குகிற அளவுக்கு இந்த அழற்சி அடங்காது. ஆகவே மெடிக்கல் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து அலமாரியில் வைக்கவும் வேண்டாம். ஸ்பைரோமெட்ரி என்று ஓர் ஊதும் பரிசோதனை உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடியில் வெளிவரும் காற்று, ஊதிய மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உறுதி. ஆண்டுக்கொரு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் விறகடுப்பில் வெந்த அம்மாவோ பாட்டியோ இருந்தால், முதலில் அவர்களை அழைத்துப் போங்கள்.